இடது முழங்கை

வத்சலாவின் ரவிக்கைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் பழசாகும். கழுத்தில் இல்லை, அக்குளில் இல்லை. இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே. அங்கே துணி முதலில் மங்கும், பிறகு எண்ணெய்ப் பசையோடு பளபளக்கும், கடைசியில் நூல் நூலாகப் பிரிந்துவிடும். ஜதுபாபு பஜாரில் அவளுக்குத் தைத்துக் கொடுக்கிற தையல்காரர், "என்ன திதி, வலது கையை வீட்டிலேயே வெச்சுட்டு வந்துடறீங்களா?" என்று ஒருமுறை வங்காளத்தில் கேட்டார்; திதி என்றால் அக்கா. அவள் சிரித்துக்கொண்டாள். அந்தக் கிழிசலில் அவளுக்கு இருந்த பெருமை எந்தப் பட்டுப்புடவையிலும் இருந்ததில்லை.

காரணம் இருக்கிறது. கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு சந்துக்குள், கண் தெரியாத பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதில் சின்னப் பிள்ளைகளின் விடுதிக்கு வத்சலா மேட்ரன். பிள்ளைகள் அவளை மாசி என்பார்கள், நாம் சித்தி என்பதுபோல. அந்த வீட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு. கதவு என்றால் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதியில் நின்றால் எவளாவது ஒருத்தியின் நெற்றி உடையும். அறைக்குள் நுழைகிறவர் தன் பேரைச் சொல்லிக்கொண்டு நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்தப் பிள்ளையையும் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பிள்ளைதான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வரும். நீங்கள் திரும்பினால் அதுவும் திரும்பும். நீங்கள் படி இறங்கினால், உங்கள் கை தாழ்வதை வைத்தே அதுவும் இறங்கும். யாருடைய முழங்கையைப் பிடிப்பது என்பது பிள்ளையின் இஷ்டம். அங்கேதான் வத்சலா மாட்டிக்கொண்டாள்.

மற்ற விஷயங்களில் தங்கமான மனுஷி. காய்ச்சல் வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். மூக்கு ஒழுகினால் தன் முந்தானையால் துடைப்பாள். ஆனால் அவள் பிள்ளைகளில் ஒருத்தி வேறு யார் முழங்கையையாவது பிடித்துவிட்டாள் என்றால் போச்சு, அன்றைக்குப் பருப்பில் உப்பு கூடிவிடும், சமையல்காரி மேல் பழி விழும். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருந்து திரும்புகிற நாளில், ஒவ்வொருத்தி தலையிலும் அவளவள் அம்மா தேய்த்து அனுப்பிய எண்ணெய் வாசம் இருக்கும். வத்சலா அன்று சாயங்காலமே எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிடுவாள். ரயில் அழுக்கு என்று காரணம் சொல்வாள். பக்கத்துத் தெருவிலிருந்து டிராமில் வந்த பிள்ளைக்கும் ரயில் அழுக்குதான்.

பிள்ளை இல்லாதவள், அந்த ஏக்கத்தில் அப்படி இருக்கிறாள் என்று யாராவது உச்சுக்கொட்டக் கிளம்பினால், வேண்டாம், உட்காருங்கள். அவளுக்குப் பிள்ளை இருக்கிறான். தினேஷ்குமார், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, "போதும்மா, வேலையை விடு" என்று வாரம் தவறாமல் போனில் சொல்கிறவன். கணவர் சண்முகம் சாந்த்ராகாச்சி யார்டில் வேகன் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவளே அந்த யார்டு ஓரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள்தான். அப்பா விழுப்புரத்திலிருந்து பாயின்ட்ஸ்மேன் வேலைக்கு வந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் சாந்த்ராகாச்சி போய், திங்கள் காலை பவானிபூர் திரும்புவாள். குறை ஒன்றும் கிடையாது. சுபாவமே அப்படி. தன் இடத்தில் இன்னொருத்தர் நிழல் விழக் கூடாது.

ஜனவரியில் அக்ஷரா வந்தாள். எட்டு வயது. சால்ட் லேக்கில் பாங்க் அதிகாரி மஹாதேவனின் பெண். பிறந்தபோது நன்றாகத்தான் தெரிந்தது; கொஞ்சம் கொஞ்சமாக நடுப்பார்வை போய், ஓரத்தில் மட்டும் வெளிச்சமும் நிழலுமாய் ஏதோ தங்கியிருந்தது. அதனால் அவள் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை வேறு பக்கம் திருப்புவாள். தெரியாதவர்களுக்கு அலட்சியம் போல இருக்கும். அவளுடைய அம்மா ஜெயப்ரியா விடுதி வாசலில் நின்று, மேட்ரன் தமிழ்க்காரி என்று தெரிந்ததும் அழுதே விட்டாள்.

"இவளுக்கு பெங்காலி அவ்வளவா வராது. ராத்திரி பயந்துப்பா. நீங்க இருக்கேள்ங்கறதுதான் எனக்கு தெம்பு."

"நான் பார்த்துக்கறேன்மா. நம்ம பொண்ணு," என்றாள் வத்சலா.

அந்த 'நம்ம'வில் அவளுக்கு வாய் இனித்தது. மற்றவர்கள் மாசி என்றால் அக்ஷரா மட்டும் அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று பழக்கினாள். தலை வாரினாள், பொத்தான் போட்டாள், தட்டில் சோறு எங்கே, குழம்பு எங்கே என்று சொல்வதோடு நிற்காமல் பிசைந்தும் கொடுத்தாள். இன்றைக்கு என்ன கலர் ஃபிராக் என்று காதோடு சொன்னாள். அக்ஷராவும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டாள். பிரெய்ல் படிக்க மாட்டேன் என்று அடம். எனக்குத்தான் தெரிகிறதே என்பாள். வகுப்புக்கு, சாப்பாட்டுக்கு, குளியலறைக்கு, எங்கே போனாலும் வத்சலாவின் இடது முழங்கை. அந்த ஆறு மாதத்தில் இரண்டு ரவிக்கை கிழிந்தது.

பள்ளித் தலைமையாசிரியையை எல்லோரும் பொர்தி என்பார்கள், பெரியக்கா என்று அர்த்தம். "வத்சலா, இந்தப் பொண்ணு நீ இல்லாம ஒரு வாசலைக்கூடத் தாண்ட மாட்டேங்கறா," என்று பொர்தி ஒருநாள் சொன்னார். குறையாகத்தான் சொன்னார். வத்சலாவுக்கு அது பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

கோடை விடுமுறைக்குப் பிறகு மதுவந்தி வந்தாள். வந்தாள் என்பதைவிட, திரும்பி வந்தாள்.

அவள் இதே விடுதியில் வளர்ந்தவள். பாங்குராவிலிருந்து ஐந்து வயதில் வந்த, பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தை. அப்போது வத்சலாவும் புதுசு. அந்த ஐந்து வயசு விரல்கள்தான் வத்சலாவின் முதல் ரவிக்கையைக் கிழித்தவை என்றுகூடச் சொல்லலாம். பெரியவளாகிக் கல்லூரி போய், டேராடூனில் பயிற்சி எடுத்து, இப்போது பிள்ளைகளுக்கு வெள்ளைக்கோல் பிடித்துத் தனியே நடக்கச் சொல்லிக்கொடுக்கிற டீச்சராக வந்து நின்றாள். விடுதி வாசலில் நின்று சட்டப்படி பேர் சொன்னாள்.

"மாசி, மது வந்திருக்கேன். நீ எங்க இருக்க?"

தமிழில் சொன்னாள். வத்சலா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் எப்படி வந்தது என்று கேட்டால், வத்சலாவிடம் திட்டு வாங்கி வந்ததுதான். கோபம் வந்தால் வத்சலாவுக்கு வங்காளம் மறந்துவிடும். ஈரத் தலையோட படுக்காதே, வாயில வெச்சதை முழுங்கு, எவடி அவ செருப்பை நடுவுல போட்டது என்று தமிழில்தான் வெடிப்பாள். அதைக் கேட்டுக் கேட்டே மது பேசக் கற்றாள். திட்டில் ஏது மரியாதை? அதனால் அவள் தமிழில் எல்லோருமே நீதான், வாதான், போதான்.

முதல் வாரம் அமர்க்களமாகப் போனது. வத்சலா அவளுக்கென்று எலுமிச்சை சாதம் கிளறினாள். என் கையில் வளர்ந்த பெண், டீச்சராக வந்திருக்கிறாள் என்று பஜாரில் காய்கறிக்காரி வரைக்கும் சொன்னாள். இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் காதில் விழுந்தது, தாழ்வாரத்தில் யாரோ "ஈரத் தலையோட படுக்காதே" என்று சொல்கிற குரல். அவளுடைய வார்த்தை, அவளுடைய ராகம், உச்சரிப்பில் மட்டும் வங்காளம். கூடவே அக்ஷராவின் சிரிப்பு. எட்டிப் பார்த்தாள். மது தரையில் உட்கார்ந்திருக்க, அக்ஷரா அவள் மடியில் தலை வைத்து, நடுவே ஒரு வெள்ளைக்கோல்.

வத்சலாவுக்கு வயிறு எரிந்தது. என் தமிழையே என்னிடமிருந்து எடுத்து என் பிள்ளையிடம் விற்கிறாளே என்று எரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. அக்ஷரா தன் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாள், மது-தி, அதாவது மது அக்கா, சொல்லிக்கொடுத்தாள் என்றாள். சட்டையில் கலருக்கு ஒரு முடிச்சு என்று நூலால் அடையாளம் வைத்துக்கொண்டாள். இனிமேல் காதோடு கலர் சொல்ல வேண்டியதில்லை. பிரெய்ல் புத்தகத்தில் விரல் வைத்தாள். வத்சலா பிசைந்த சோற்றை, "அத்தை, நானே சாப்பிடறேனே" என்று தள்ளிவைத்தாள். ஒரு காலை வத்சலா வழக்கம்போல் கட்டிலருகே போய் முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். டக், டக் என்று கோல் அவளைத் தாண்டிப் போனது.

"குட்மார்னிங் அத்தை. நான் தனியாவே போய்ப்பேன்."

கை நீட்டினபடியே எவ்வளவு நேரம் நிற்பது? மடக்கிக்கொண்டாள். நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை. அந்த வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சியில் தோசை வார்த்துக்கொண்டே சண்முகத்திடம் கொட்டித் தீர்த்தாள். "எல்லாத்துக்கும் அவதான். என்னமோ நேத்துவரைக்கும் இந்த வீட்ல யாருமே பிள்ளைகளைப் பார்த்துக்காத மாதிரி."

"நீ வளர்த்த பொண்ணு. நல்லா வந்திருக்கா. சந்தோஷப்பட வேண்டியதுதானே," என்றார் சண்முகம்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குக் கண்ணு தெரியுது, அதுதான் என் தப்பு. எனக்கும் தெரியாம இருந்திருந்தா அவங்க கூட்டத்துல என்னையும் சேர்த்திருப்பாங்க."

சண்முகம் தோசையை விட்டு நிமிர்ந்தார். "வத்சலா, அந்தப் பொண்ணு மேல உனக்குப் பொறாமை. அதுவும் எதுக்குன்னு யோசிச்சுப் பாரு. கண்ணு இல்லாததுக்கா?"

அவள் தோசைத் திருப்பியைத் தூக்கி அடுப்பு மேடையில் எறிந்தாள். வேகன்கள் மோதிக்கொள்கிற சத்தம் கேட்டே பழகிய மனுஷர், மீதித் தோசையை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

துர்கா பூஜைக்கு முந்தின மாதம் மது ஒரு திட்டம் போட்டாள். அக்ஷராவைத் தெருவுக்கு அழைத்துப் போவது. பள்ளி வாசலிலிருந்து சந்து முனை வரை, அங்கிருந்து நடைபாதையில் திரும்பி இனிப்புக்கடை, ஒரு சந்தேஷ் வாங்கிக்கொண்டு வீடு. டீச்சரும் பிள்ளையும், ஆளுக்கொரு கோல். கண் தெரிந்தவர் யாரும் கூட வர வேண்டாம். அதுதான் பாடமே என்றாள். அக்ஷரா விடுதி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். எந்த சந்தேஷ் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது.

வத்சலா பொர்தியின் அறைக்குப் போனாள். போகும்போது பிள்ளையின் பாதுகாப்பு என்றுதான் தனக்கே சொல்லிக்கொண்டு போனாள். உள்ளே போனதும் நாக்கு வேறு வழியில் ஓடியது.

"அவளுக்கே வழி தெரியாது. குருடி ஒருத்தி இன்னொரு பிள்ளையை எப்படி ரோட்ல கூட்டிட்டுப் போவா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்த அப்பா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

வங்காளத்தில்தான் சொன்னாள். அந்தச் சொல் வங்காளத்திலும் அவ்வளவு கேவலமானதுதான். அந்தப் பள்ளியின் சுவர்களுக்குள் அதை யாரும் சொல்வதில்லை. தெருப் பையன்கள் வெளியிலிருந்து கத்துவார்கள், அவ்வளவுதான். பொர்தி முகம் சுளித்தார். ஆனால் அப்பா அம்மா என்றதும் அவருக்கும் பயம் வந்துவிட்டது. கண் தெரிந்தவர் இல்லாமல் போக வேண்டாம், வத்சலாவே அழைத்துப் போகட்டும், மது விடுதிக்குள் நடை பழக்கினால் போதும் என்று தீர்த்துவிட்டார்.

ஜெயித்துவிட்டாள். வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஒரு கோல் போகிற சத்தம், டக், டக் என்று, மாடிப்படிப் பக்கம். அந்த நேரத்தில் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியம் அறை வாசலில் குரல் கேட்டது. "மாசி, மது."

"வா."

"பொர்தி சொன்னா. நான் ஏதாவது தப்பா பண்ணியிருந்தா என்கிட்டயே திட்டியிருக்கலாமே நீ. நீ திட்டாத திட்டா?"

"நான் என்ன பண்றது? பொர்தியோட முடிவு," என்றாள் வத்சலா.

 மது கதவை முழுக்கச் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் அக்ஷரா தானாகவே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து வத்சலாவின் முன்னால் உட்கார்ந்தாள். எத்தனை நாளாயிற்று. வத்சலாவுக்கு உள்ளே குளிர்ந்துபோனது. நாலுகால் பின்னலாகப் போடட்டுமா, பூ வைக்கட்டுமா என்று வாய் ஓயாமல் பேசினாள்.  பின்னல் பாதியில் அக்ஷரா கேட்டாள்.

"அத்தை, எனக்கு ஓரத்துல தெரியற வெளிச்சமும் போயிடும்னு டாக்டர் அம்மாகிட்ட சொன்னார். நான் தூங்கிட்டேன்னு நெனச்சுண்டு அம்மா அழுதா. அது போனப்புறம் நானும் அதுதானே?"

"எதும்மா?"

"நீங்க பொர்திகிட்ட மது-தியைச் சொன்னேளே. அது. நான் தனியா மாடி இறங்கி வந்துட்டேன்னு பொர்திகிட்ட சொல்றதுக்காக வந்தேன். வாசல்ல நின்னுண்டிருந்தேன்."

வத்சலாவின் விரலுக்குள் பின்னல் அப்படியே நின்றது.

"அப்போ நான் பெரியவளானா, என்னை நம்பியும் யாரையும் அனுப்ப மாட்டேளா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது, பாப்பா," என்றாள். பொய். எட்டு வயதுக்குக்கூடத் தெரிந்த பொய். அக்ஷரா மிச்சப் பின்னலைத் தானே முடிந்துகொண்டு, கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெட்கத்தில் வத்சலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே பொர்தியிடம் போய், மதுவே அழைத்துப் போகட்டும், சட்டத்துக்கு நான் பின்னால் போகிறேன், வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டும் வந்தாள். நல்லது. ஆனால் வெட்கப்பட்டால் பொறாமை தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது? இன்னும் கொழுந்துவிட்டது. அந்தப் பிள்ளை முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தவள் இவள்தானே என்று, செய்ததெல்லாம் தானே என்பதை மறந்து, மது மேலேயே திரும்பியது.

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். மது முன்னால், வலது கையில் கோல். அவள் இடது முழங்கையை அக்ஷரா பிடித்துக்கொண்டிருந்தாள். அக்ஷராவின் இன்னொரு கையிலும் கோல். பின்னால், நாலு எட்டு தள்ளி, வத்சலா.

சந்து முழுக்க மது பேசிக்கொண்டே போனாள். இந்த இஸ்திரிக் கடைச் சூடு கன்னத்தில் படும், அப்போது பாதி வழி வந்துவிட்டோம் என்று அர்த்தம். இந்தச் சாக்கடை மூடியில் கோல் பட்டால் வேறு சத்தம் வரும். இங்கே காற்று மாறும், சந்து முடிகிறது. வத்சலாவுக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் இந்தச் சந்தில் நடந்திருக்கிறாள், இதில் ஒன்றுகூட அவள் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழங்கை கொடுத்தாள், கூட்டிப்போனாள், முடிந்தது.

நடைபாதையில் திரும்பினார்கள். விடுதிக்குள் ஒரு முக்காலியை நகர்த்தினாலும் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்த்துவார்கள். கல்கத்தாவுக்கு அந்தச் சட்டம் கிடையாது. நேற்றுவரை சும்மா கிடந்த நடைபாதையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் ஊன்றியிருந்தார்கள். ஊன்றின மூங்கில்களை மதுவின் கோல் கண்டுபிடித்துவிட்டது. தட்டிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது என்று சிரித்தாள். ஆனால் குறுக்கே கட்டின ஒரு மூங்கிலின் நுனி, வழிக்குள் நீட்டிக்கொண்டு, சரியாக ஒரு வளர்ந்த பெண்ணின் நெற்றி உயரத்தில் நின்றது. கோலுக்கு அது தெரியாது. கோல் தரையைத்தான் பார்க்கும்.

வத்சலா அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், மது இன்னும் நாலைந்து எட்டு வைக்க வேண்டியிருந்தபோதே. வாய் திறந்தது. மது சின்னவளாக இருந்தபோது அவர்களுக்குள் ஒரு வார்த்தை உண்டு: "மது, தலை." அவ்வளவுதான். எங்கே இருந்தாலும் குனிந்துவிடுவாள். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது.

படட்டும் என்று இருந்தது அவளுக்கு. இதை மறைத்துச் சொல்ல நான் யார், அப்படித்தான் இருந்தது. படட்டும், அப்போது தெரியும் இந்தப் பிள்ளைக்கு யார் முழங்கை நல்லது என்று. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. கடைசி எட்டுக்கு மது கால் தூக்கியாயிற்று.

"மது, தலை."

மது உடனே குனிந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வார்த்தை காதில் விழுந்ததும் கழுத்து தானாக மடங்கியது. ஆனால் வார்த்தை நேரம் கழித்து வந்துவிட்டது. மூங்கில் நுனி நெற்றியில் இடித்து, புருவத்துக்கு மேலே தோலைக் கிழித்துவிட்டது.

அவள் கத்தவில்லை. கோலைக் கீழே விடவும் இல்லை. "அக்ஷரா, உனக்குப் பட்டுச்சா?" என்றாள் முதலில்.

"இல்லை மது-தி. என்னாச்சு?"

"ஒரு மூங்கில். எனக்குத்தான். லேசாத்தான்."

லேசாக இல்லை. ரத்தம் புருவத்தில் இறங்கியது. வத்சலா ஓடிவந்து முந்தானையை நெற்றியில் அழுத்தினாள்.  பந்தல்காரர்கள் இரண்டு பேர் ஏணியிலிருந்து இறங்கிவந்து, ஐயோ திதி, பார்க்கவில்லை என்று பதறினார்கள். மது அவர்களைப் போகச் சொன்னாள். பிறகு, முந்தானைக்கு அடியிலிருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மாசி, நீ பார்த்தியா?"

வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லலாம். யாரோ நடுவில் வந்தார்கள் என்று சொல்லலாம். கண் தெரிந்தவள் என்ன சொன்னாலும் அதுதான் அங்கே உண்மை; சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? எல்லாம் வாய்க்குள் தயாராக நின்றது. அப்போது அக்ஷரா முகத்தை வேறு பக்கம், தெருவைப் பார்க்கிறவள்போலத் திருப்பினாள். திருப்பினாள் என்றால், வத்சலாவைப் பார்க்கிறாள். மிச்சம் இருக்கிற அந்த ஓரத்து வெளிச்சத்தால் பார்க்கிறாள். இன்னும் எத்தனை நாளைக்கோ இருக்கப்போகிற வெளிச்சம்.

"பார்த்தேன்," என்றாள் வத்சலா.

"எப்போ?"

"முன்னாடியே. நான் சொல்லியிருந்தா உனக்குப் பட்டிருக்காது."

 ஒரு டாக்ஸி போனது, பஸ் ஒன்று நின்று கிளம்பியது. மது மாசியின் முந்தானையைத் தானே வாங்கி, மடித்து, நெற்றியில் இன்னொரு தரம் ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"திரும்பிடலாமா மது? கட்டுப் போடணும்," என்றாள் வத்சலா. 

"வேண்டாம். இப்ப திரும்பினா இவ இனிமே வெளிய வரமாட்டா. கடை பக்கத்துலதான்." மது கோலைத் தரையில் ஊன்றினாள். "ஆனா நீ பின்னாடி வராதே, மாசி. பக்கத்துல வா. பேசாம பின்னாடி வந்தா நீ இருக்கியா இல்லையான்னே எங்களுக்குத் தெரியல."

அது திட்டாக இருந்திருந்தால் வத்சலாவுக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டு இல்லை. தன் கையில் வளர்ந்தவள், பேர் சொல்லாமல் அறைக்குள் நுழைந்த ஒருத்தியிடம் விடுதிச் சட்டத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னென்ன தெரியறதோ சொல்லிண்டே வாங்கோ அத்தை," என்றாள் அக்ஷரா. "மேலே இருக்கறதை மட்டும் சொன்னா போதும். கீழே இருக்கறது எங்களுக்கே தெரியும்."

வத்சலா பக்கத்தில் வந்தாள். வழக்கத்தில் அவள் இடது முழங்கை கொஞ்சம் வெளியே மடங்கி நின்றது, யாராவது வந்து பிடிக்கட்டும் என்பதுபோல. பிடிக்க அங்கே யாருக்கும் கை இல்லை. மதுவின் ஒரு கையில் கோல், இன்னொரு முழங்கையில் அக்ஷரா. அக்ஷராவின் ஒரு கையில் கோல், இன்னொரு கையில் மது. வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்றால், போகவில்லை. அது அவளோடுதான் நடந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டே நடந்தாள்: கயிறு ஒன்று தொங்குகிறது, வலது பக்கம், கடை முன்னால் தகரப் பந்தல், உயரமாகத்தான் இருக்கிறது, பயமில்லை.

"இங்க ஒரு மூங்கில்," என்றாள், போதுமான தூரத்திலேயே. "தாழ்வா இருக்கு. தலை."

மூன்று பேரும் குனிந்தார்கள்.